மராத்திக்கு இலக்கணம் எழுதிய செருப்புத் தொழிலாளி

வங்காளத்தில் 40 ஆண்டுகளுக்கு மேல் உழைத்த பாதிரியார் வில்லியம் கேரியின் வாழ்க்கை

பிழைப்புக்காக வெளிமாநிலம் வந்தவர்களுக்கு முதல் கஷ்டம் மொழிதான். புனேயில் வந்து இறங்கும் தமிழர் பஸ்ஸில் டிக்கெட் வாங்கவும், கடையில் பருப்பு வாங்கவும், ஆபீசில் மேலதிகாரிக்குப் பதில் சொல்லவும் நாலு வார்த்தை மராத்தி கற்றாக வேண்டும். கேட்டுக் கேட்டுப் பழகுகிறவர்கள் உண்டு. புத்தகம் வாங்கிப் படிக்கிறவர்களும் உண்டு.

200 ஆண்டுகளுக்கு முன்பு வெளியூர்க்காரன் மராத்தி கற்கப் புத்தகம் கிடைப்பது அரிது. அந்தக் குறையைப் போக்க 1805-ம் ஆண்டில் மராத்தி இலக்கணமும், 1810-ம் ஆண்டில் மராத்தி அகராதியும் எழுதி அச்சிட்டவர் ஒரு வெள்ளைக்காரப் பாதிரியார். அவர் பூனாவைக் கண்ணால் கண்டதில்லை. வங்காளத்தில் இருந்தபடியே ஒரு மராத்திப் பண்டிதரிடம் பாடம் கேட்டு அதை எழுதினார்.

அவர் பெயர் வில்லியம் கேரி. வாலிப வயதில் அவர் செய்த தொழில் செருப்புத் தைப்பது.

நெசவாளியின் மகன்

இங்கிலாந்தில் நார்த்தாம்டன்ஷயர் மாவட்டத்தில் பாலர்ஸ்பரி என்ற சிறு கிராமம் இருக்கிறது. அங்கே 1761-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி கேரி பிறந்தார். தகப்பனார் எட்மண்ட் கேரி தறி நெய்தவர். பிறகு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் வேலையும், கோவிலில் கணக்கு வேலையும் அவருக்குக் கிடைத்தன. வாத்தியார் மகன் என்பதால் பையனுக்குப் படிக்க வாய்ப்புக் கிடைத்தது. ஆனால் 12 வயதுக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை.

வயல் வேலைக்குப் போனால் வெயில் பட்டு உடம்பில் புண் வந்தது. ஆகவே பக்கத்து ஊரான பிடிங்டனில் ஒரு செருப்புக் கடையில் தொழில் பழகச் சேர்த்துவிட்டார்கள். அந்தக் கடையில் சில புத்தகங்கள் கிடந்தன. அவற்றில் ஒன்றில் கிரேக்க எழுத்துகள் இருந்தன. பையனுக்குப் புரியவில்லை. எழுத்துகளை அப்படியே தாளில் வரைந்துகொண்டு, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் போய்க் கேட்டார். மொழி கற்கும் ஆசை அங்கேதான் ஆரம்பித்தது. தோல் அறுத்துக்கொண்டும் தைத்துக்கொண்டும் லத்தீன், கிரேக்கம், எபிரேயம், பிரெஞ்சு, டச்சு ஆகிய மொழிகளைப் படித்தார்.

கூடத் தொழில் பழகிய ஜான் வார் என்ற வாலிபர் அரசாங்கத் திருச்சபையைச் சேராத கிறிஸ்தவர். இருவரும் வேலை செய்துகொண்டே மத விஷயங்களை விவாதிப்பார்கள். வாதத்தில் தோற்றவர் கேரி. 1783-ம் ஆண்டு அக்டோபர் 5-ந் தேதி நென் ஆற்றில் ஞானஸ்நானம் பெற்றுப் பாப்டிஸ்டு சபையில் சேர்ந்தார். குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்காமல், வயது வந்து தாமாக விரும்பி வருகிறவர்களுக்கே ஆற்றிலோ குளத்திலோ முழுக்கிக் கொடுப்பது அந்தச் சபையின் வழக்கம்.

கைநாட்டு மனைவி

1781-ம் ஆண்டு ஜூன் மாதம், தமது 20-வது வயது நிறைவதற்கு முன்பே, கேரிக்குக் கல்யாணம் நடந்தது. மனைவி டாரதி அவரை விடச் சில வயது மூத்தவர். எழுதப் படிக்கத் தெரியாதவர். கல்யாணப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் கோடுதான் போட்டார். பிற்காலத்தில் பல மொழிகளுக்கு இலக்கணம் எழுதியவரின் மனைவி தம் பெயரை எழுதத் தெரியாதவராக இருந்தார்.

வறுமை அவர்களை விடவில்லை. முதல் குழந்தை காய்ச்சலில் இறந்தது. அதே காய்ச்சல் கேரியையும் வாட்டியது. பிழைத்து எழுந்தார், ஆனால் தலைமுடி கொட்டிப்போயிற்று.

1785-ம் ஆண்டில் மௌல்டன் கிராமத்துக்கு வாத்தியாராகப் போனார். 1787-ம் ஆண்டில் அங்குள்ள சிறு சபைக்குப் பாதிரியார் ஆனார். சபையார் கொடுத்த சம்பளம் குடும்பம் நடத்தப் போதவில்லை. பகலில் பள்ளிக்கூடம், மற்ற நேரத்தில் செருப்பு வேலை, ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் என்று காலம் ஓடியது. தைத்த ஜோடுகளைப் பையில் போட்டுத் தோளில் சுமந்துகொண்டு நடந்தே போய் வியாபாரியிடம் கொடுத்துவிட்டு வருவார்.

வேலை செய்யும் இடத்தில் சுவரில் ஒரு பெரிய உலகப் படம் தொங்கியது. பல தாள்களை ஒட்டி அவரே வரைந்தது. கப்பல் தலைவர் குக்கின் பிரயாணக் கதைகளைப் படித்து, ஒவ்வொரு நாட்டின் மேலும் அதன் ஜனத்தொகை, மதம், தொழில் ஆகியவற்றை எழுதி வைத்தார். தோல் தைக்கும்போது கண் அடிக்கடி அந்தப் படத்தின் மேல் போகும்.

13 பவுனில் தொடங்கிய சங்கம்

வெளிநாடுகளுக்குப் போய் மதப்பணி செய்ய வேண்டும் என்று கேரி பேச ஆரம்பித்தார். மூத்த பாதிரிமார் பலர் அதை ஏற்கவில்லை. கடவுள் நினைத்தால் அவரே பார்த்துக்கொள்வார், நாம் ஏன் அலட்டிக்கொள்ள வேண்டும் என்பது அவர்கள் எண்ணம். கேரி 1792-ம் ஆண்டில் தம் கருத்தை ஒரு சிறு புத்தகமாக வெளியிட்டார். அதே ஆண்டு அக்டோபர் 2-ந் தேதி கெட்டரிங் என்ற ஊரில் ஒரு வீட்டின் பின்கட்டு அறையில் சிலர் கூடிப் பாப்டிஸ்டு மிஷன் சங்கத்தை ஏற்படுத்தினார்கள். அன்று சேர்ந்த நன்கொடை 13 பவுன், 2 ஷில்லிங், 6 பென்ஸ். கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஏழைப் பாதிரிமார்.

முதலில் போகிறவர் யார் என்ற கேள்வி வந்தது. வங்காளத்தில் வைத்தியராக இருந்து திரும்பிய ஜான் தாமஸ் போகத் தயாராக இருந்தார். அவருடன் போகக் கேரி சம்மதித்தார்.

வீட்டில் புயல் எழுந்தது. டாரதி கர்ப்பிணி. தம் ஊரை விட்டு வெளியே போய் அறியாதவர். கடல் கடந்து வர முடியாது என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மூத்த மகன் பீலிக்சை மட்டும் அழைத்துக்கொண்டு கேரி கப்பல் ஏறினார். ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனியின் அனுமதிச் சீட்டு இல்லை என்று கப்பலிலிருந்து அவர்களை இறக்கிவிட்டார்கள். அந்தத் தாமதத்துக்குள் டாரதிக்குக் குழந்தை பிறந்திருந்தது. மறுபடியும் போய்க் கெஞ்சினார்கள். தங்கை காதரீன் கூட வருவதானால் வருகிறேன் என்று டாரதி இறங்கி வந்தார். 1793-ம் ஆண்டு ஜூன் 13-ந் தேதி கைக்குழந்தையுடன் எல்லோரும் ஒரு டென்மார்க் கப்பலில் புறப்பட்டார்கள். ஐந்து மாதப் பிரயாணம். நவம்பர் 11-ந் தேதி கல்கத்தா வந்து சேர்ந்தார்கள். கேரி பிறகு இங்கிலாந்து மண்ணை மிதிக்கவே இல்லை.

பட்டினியும் மரணமும்

அந்நாளில் கம்பெனி ஆட்சிக்கு மதப்பிரசாரகர்களைப் பிடிக்காது. வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்று கருதினார்கள். கையிலிருந்த பணமோ சில வாரத்தில் கரைந்துவிட்டது. கல்கத்தாவில் ஒரு வங்காளிச் செல்வர் தம் தோட்டத்து வீட்டில் தங்க இடம் கொடுத்தார். அங்கிருந்து சுந்தரவனக் காட்டுப் பக்கம் போய் நிலம் திருத்திப் பயிர் செய்யப் பார்த்தார்கள். டாரதியும் பிள்ளைகளும் வயிற்றுக்கடுப்பில் படுத்துக்கிடந்தார்கள்.

1794-ம் ஆண்டில் மால்டா பக்கத்தில் மதனாவதி என்ற ஊரில் அவுரிச் சாயத் தொழிற்சாலை மானேஜர் வேலை கிடைத்தது. சம்பளம் மாதம் 200 ரூபாய். வேலை கிடைத்ததும் கேரி முதலில் செய்த காரியம், தமக்கு இனிமேல் பணம் அனுப்ப வேண்டாம், வேறு ஊழியத்துக்குச் செலவிடுங்கள் என்று இங்கிலாந்துச் சங்கத்துக்குக் கடிதம் எழுதியதுதான்.

அதே ஆண்டில் ஐந்து வயது மகன் பீட்டர் காய்ச்சலில் இறந்தான். சாதிக் கட்டுப்பாட்டுக்குப் பயந்து குழி தோண்டவும், பெட்டியைத் தூக்கவும் ஆட்கள் முன்வரவில்லை. மிகுந்த சிரமத்துக்குப் பிறகே அடக்கம் நடந்தது. அந்த அதிர்ச்சியிலிருந்து டாரதி மீளவில்லை. சித்தம் கலங்கியது. கணவர் மேல் இல்லாத சந்தேகமெல்லாம் வந்தது. கத்தவும் அடிக்கவும் ஆரம்பித்தார். மனநோய்க்கு மருந்து என்று எதுவும் இல்லாத காலம். 1807-ம் ஆண்டு டிசம்பரில் இறக்கும் வரை பெரும்பாலும் அறையில் அடைத்துத்தான் வைக்க வேண்டியிருந்தது. அந்தச் சத்தத்தைக் கேட்டபடியேதான் பக்கத்து அறையில் கேரி மொழிபெயர்ப்பு வேலை செய்தார். கேரியின் புகழைப் பேசுகிறவர்கள் இந்த அம்மாள் கொடுத்த விலையையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

தரங்கம்பாடியும் செராம்பூரும்

1799-ம் ஆண்டு கடைசியில் ஜோசுவா மார்ஷ்மன் என்ற வாத்தியாரும், வில்லியம் வார்டு என்ற அச்சுத் தொழிலாளியும் இங்கிலாந்திலிருந்து வந்தார்கள். கம்பெனி எல்லைக்குள் அவர்கள் தங்க முடியாது. ஆகவே ஹூக்ளி ஆற்றங்கரையில் கல்கத்தாவுக்கு வடக்கே சுமார் 25 கிலோமீட்டரில் இருந்த செராம்பூருக்குப் போனார்கள். அது டென்மார்க் மன்னருக்குச் சொந்தமான ஊர். ஆங்கிலேயர் சட்டம் அங்கே செல்லாது.

தமிழ்நாட்டில் தரங்கம்பாடியும் அதே டென்மார்க் மன்னரின் ஊர்தான். சீகன்பால்கு பாதிரியார் 1706-ம் ஆண்டில் அங்கே வந்து தமிழ் கற்றார். அச்சுக்கூடம் வைத்து 1715-ம் ஆண்டில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். தரங்கம்பாடியில் தமிழுக்கு நடந்த வேலை, 80 ஆண்டு கழித்துச் செராம்பூரில் வங்காளத்துக்கும் மற்ற மொழிகளுக்கும் நடந்தது. இரண்டு ஊர்களையும் 1845-ம் ஆண்டில் ஆங்கிலேயர் விலைக்கு வாங்கினார்கள்.

1800-ம் ஆண்டு ஜனவரி 10-ந் தேதி கேரி செராம்பூர் வந்து சேர்ந்தார். அங்கு ஏற்பட்ட சபைக்கு அவரே பாதிரியார். சாகும் வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

மூன்று குடும்பமும் ஒரே வீட்டில் வசித்தன. ஒரே பந்தியில் சாப்பாடு. யார் எவ்வளவு சம்பாதித்தாலும் பொதுப் பணத்தில் சேர்க்க வேண்டும். கைச்செலவுக்கு ஒரு சிறு தொகை மட்டும் அவரவருக்கு உண்டு. மார்ஷ்மனும் அவர் மனைவி ஹன்னாவும் பள்ளிக்கூடம் நடத்தினார்கள். வார்டு அச்சகம் நடத்தினார். கேரி மொழி வேலை பார்த்தார்.

எழுத்து வெட்டிய கொல்லர்

பெரிய மனிதர்களின் பெயரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. கையால் வேலை செய்தவர்களை மறந்துவிடுகிறது. செராம்பூர் அச்சகத்தின் உயிர்நாடியாக இருந்தவர் பஞ்சானன் கர்மகார் என்ற வங்காளக் கொல்லர். எஃகுத் தண்டில் எழுத்தைத் தலைகீழாகச் செதுக்குவார். அதைச் செம்பில் அடித்து அச்சு எடுத்து, ஈயத்தை உருக்கி ஊற்றி எழுத்து வார்ப்பார்கள். ஒரு மொழிக்கு நூற்றுக்கணக்கான எழுத்து வடிவங்கள் வேண்டும். கூட்டெழுத்து அதிகமுள்ள நாகரிக்கு இன்னும் அதிகம். பஞ்சானன் இறந்த பிறகு அவர் மருமகன் மனோகர் அந்த வேலையைப் பல்லாண்டு காலம் தொடர்ந்தார்.

1801-ம் ஆண்டில் வங்காளி மொழியில் புதிய ஏற்பாடு வெளிவந்தது. மொழிபெயர்க்கக் கேரிக்கு உதவியவர் ராம்ராம் பாசு என்ற முன்ஷி. அவர் கடைசிவரை கிறிஸ்தவராகவில்லை. கேரி அவரைக் கொண்டே வங்காளியில் வசன நூலும் எழுதச் செய்தார்.

முதலில் மதம் மாறிய வங்காளி கிருஷ்ணபால் என்ற தச்சர். கேரி இந்தியாவுக்கு வந்து ஏழு ஆண்டுகள் கழித்து, 1800-ம் ஆண்டு டிசம்பரில்தான் அது நடந்தது. சபைக்குள் சாதி கூடாது என்பதில் கேரி பிடிவாதமாக இருந்தார். 1803-ம் ஆண்டில் அந்தத் தச்சரின் மகளை ஒரு பிராமணக் குடும்பத்து வாலிபர் சபையில் மணந்துகொண்டார். கல்யாண விருந்தில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

மராத்தி கற்றது எப்படி?

1800-ம் ஆண்டில் கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி கல்கத்தாவில் வில்லியம் கோட்டைக் கல்லூரியை ஏற்படுத்தினார். இங்கிலாந்திலிருந்து வரும் வாலிப அதிகாரிகள் நாட்டு மொழி கற்க வேண்டும் என்பது நோக்கம். வங்காளி கற்பிக்கக் கேரியைத் தவிர ஆள் கிடைக்கவில்லை. ஊருக்குள் வரக் கூடாது என்று சொன்ன அதே கம்பெனி, மாதம் 500 ரூபாய் சம்பளம் கொடுத்து 1801-ம் ஆண்டில் அவரை அழைத்துக்கொண்டது. சமஸ்கிருதமும் அவர் பொறுப்பானது.

அடுத்து வந்தது மராத்தி. 1802-ம் ஆண்டு அக்டோபரில் ஹோல்கர் படை பூனாவைப் பிடித்தது. பேஷ்வா இரண்டாம் பாஜிராவ் ஓடிப்போய் ஆங்கிலேயருடன் வசாயில் உடன்படிக்கை செய்துகொண்டார். 1803-ம் ஆண்டில் மராட்டியப் போர் மூண்டது. மராத்தி தெரிந்த அதிகாரிகள் கம்பெனிக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்கள். அந்த வகுப்பும் கேரியின் தலையில் விழுந்தது.

வைஜ்நாத் என்ற மராத்திப் பண்டிதர் கல்லூரியில் இருந்தார். அவரிடம் கேட்டுக் கேட்டு, கற்றதை ஒழுங்குபடுத்தி, 1805-ம் ஆண்டில் கேரி மராத்தி இலக்கணத்தை வெளியிட்டார். 1810-ம் ஆண்டில் வந்த அகராதியில் மராத்திச் சொற்கள் மோடி எழுத்தில் அச்சாயின. மோடி என்பது மராட்டியக் கச்சேரிகளில் கணக்கர்கள் கை எடுக்காமல் வேகமாக எழுதிய எழுத்து. பேஷ்வா காலத்துத் தஸ்தாவேஜுகள் அந்த எழுத்தில்தான் இருக்கின்றன. 1811-ம் ஆண்டில் மராத்திப் புதிய ஏற்பாடு வந்தது.

அதே காலத்தில் தமிழ்நாட்டில் தஞ்சாவூர் சரபோஜி மன்னரும் தம் அரண்மனையில் அச்சுக்கூடம் வைத்து மராத்திப் புத்தகம் அச்சிட்டார் என்பது தமிழர் அறிய வேண்டிய செய்தி. மராத்தி அச்சுத் தொழிலின் ஆரம்ப நாட்களில் மராட்டிய நாட்டுக்கு வெளியே வங்காளமும் தஞ்சையும் கைகொடுத்தன.

கேரியின் சம்பளம் பிறகு 1,000 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் காலத்தில் அது பெருந்தொகை. அவ்வளவும் பொதுப் பணத்துக்கே போயிற்று. கல்லூரிக்கும் கவர்னர் மாளிகைக்கும் போட்டுக்கொண்டு போக நல்ல உடுப்பு வேண்டும் என்பதற்காக மட்டும் மற்றவர்களை விடச் சிறிது கூடுதலாகப் பெற்றார்.

வாரத்தில் சில நாட்கள் கல்கத்தாவில் கல்லூரி. படகில் போய்ப் படகில் திரும்புவார். விடியுமுன் எழுந்து எபிரேயம் படிப்பார். வேலைக்காரர்களுடன் வங்காளியில் ஜெபம். தேநீர் ஆறும் நேரத்தில் முன்ஷியிடம் பாரசீகப் பாடம். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ராமாயண மொழிபெயர்ப்பு. கல்லூரி முடிந்து வந்தால் அச்சுப்பிழை திருத்தம். சாயங்காலம் தெலுங்குப் பண்டிதர் வருவார். இரவில் பிரசங்கம். அது முடிந்த பின் மறுபடியும் மொழிபெயர்ப்பு. இரவு 11 மணிக்கு மேல்தான் கடிதம் எழுத நேரம் கிடைக்கும்.

அவருடைய பழைய தொழிலைச் சிலர் கேலி செய்தது உண்டு. கவர்னர் ஜெனரல் விருந்து ஒன்றில் ஓர் அதிகாரி, கேரி முன்பு செருப்பு உற்பத்தி செய்தவர்தானே என்று காதில் விழும்படி கேட்டாராம். புதுச் செருப்புச் செய்கிற அளவுக்கு நான் பெரியவன் அல்ல, பழைய செருப்புக்கு ஒட்டுப் போட்டவன் என்று கேரி அமைதியாகத் திருத்தினார் என்று சொல்வார்கள்.

தீயில் கருகிய தமிழ் எழுத்து

தமிழ்நாட்டில் நடந்த ஒரு சம்பவமும் அவரைப் பாதித்தது. 1806-ம் ஆண்டு ஜூலை மாதம் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தார்கள். மதத்தில் தலையிடுகிறார்கள் என்ற அச்சம் சிப்பாய்களுக்கு இருந்தது. உடனே கல்கத்தாவில் அதிகாரிகள் கேரியைக் கூப்பிட்டு, நாட்டு மக்களிடம் பிரசங்கம் செய்யக் கூடாது என்று தடை விதித்தார்கள். அந்தத் தடை மெல்ல மெல்லத்தான் தளர்ந்தது.

1812-ம் ஆண்டு மார்ச் 11-ந் தேதி மாலை செராம்பூர் அச்சகத்தில் தீப்பிடித்தது. காகிதம் அடுக்கியிருந்த இடத்தில் பற்றிய நெருப்பு அது. வார்டு கதவு ஜன்னல்களை மூடச் செய்து, கூரையைத் துளைத்துத் தண்ணீர் ஊற்றினார். யாரோ அவசரத்தில் ஒரு ஜன்னலைத் திறக்கவே, காற்றுப் புகுந்து தீ கொழுந்துவிட்டு எரிந்தது. நள்ளிரவில் கூரை விழுந்தது.

அச்சு இயந்திரங்கள் தப்பின. ஆனால் பல மொழி எழுத்துகள் உருகிப்போயின. தென்னாட்டுக் கிறிஸ்தவர்களுக்காகத் தமிழ்ப் புதிய ஏற்பாடு அப்போது அங்கே அச்சாகிக்கொண்டிருந்தது. அந்தத் தமிழ் எழுத்துகளும் கருகின. கேரி பல ஆண்டு உழைத்துச் சேர்த்த பன்மொழி அகராதி, தெலுங்கு, பஞ்சாபி இலக்கணக் கையெழுத்துப் பிரதிகள், ராமாயண மொழிபெயர்ப்பு எல்லாம் சாம்பல். நஷ்டம் சுமார் 10,000 பவுன்.

மறுநாள் கல்கத்தாவில் செய்தி கேட்டுக் கேரி கண் கலங்கினார். ஆனால் சாம்பலைக் கிளறியபோது எழுத்து வெட்டிய எஃகு அச்சுகள் சேதமில்லாமல் கிடைத்தன. உருகிக் கட்டியாகிக் கிடந்த ஈயத்தையே மறுபடியும் உருக்கி எழுத்து வார்த்தார்கள். தொழிலாளர்கள் முறை வைத்து இரவும் பகலும் வேலை செய்தார்கள். இங்கிலாந்தில் செய்தி பரவியதும் இரண்டு மாதத்துக்குள் நஷ்டம் அளவுக்கு நன்கொடை சேர்ந்தது. பன்மொழி அகராதி மட்டும் திரும்ப எழுதப்படவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வந்த உத்தரவு

1799-ம் ஆண்டில் ஆற்றங்கரையில் ஒரு பெண் கணவன் சிதையில் எரிக்கப்படுவதைக் கேரி நேரில் பார்த்தார். தடுக்கப் பார்த்தார், முடியவில்லை. அன்று முதல் சதி வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்று அரசாங்கத்தை வற்புறுத்திக்கொண்டே இருந்தார். ஆட்களை அனுப்பிக் கல்கத்தாவைச் சுற்றி 30 மைல் தூரத்துக்குள் கணக்கெடுக்கச் செய்தார். ஒரே ஆண்டில் 400 பெண்களுக்கு மேல் எரிக்கப்பட்டதாகக் கணக்கு வந்தது. கங்கை கடலில் கலக்கும் இடத்தில் குழந்தைகளைத் தண்ணீரில் எறியும் வழக்கம் பற்றியும் விசாரித்து அறிக்கை கொடுத்தார். அதை 1802-ம் ஆண்டில் வெல்லெஸ்லி தடை செய்தார்.

சதி ஒழிய இன்னும் பல ஆண்டு ஆயிற்று. ராஜாராம் மோகன்ராய் எழுதியும் பேசியும் போராடினார். கல்லூரியில் கேரியுடன் வேலை செய்த பண்டிதர் மிருத்யுஞ்சய் வித்யாலங்கார், சாஸ்திரம் இதைக் கட்டாயப்படுத்தவில்லை என்று கருத்துச் சொன்னார். கடைசியில் 1829-ம் ஆண்டு டிசம்பர் 4-ந் தேதி கவர்னர் ஜெனரல் பெண்டிங்க் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

கேரி அப்போது அரசாங்கத்தின் வங்காளி மொழிபெயர்ப்பாளர். டிசம்பர் 6-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்ட நகல் அவர் கைக்கு வந்தது. கோவிலுக்குப் புறப்படும் நேரம். அன்று பிரசங்கம் செய்ய வேறு ஆளை அனுப்பிவிட்டுப் பண்டிதருடன் உட்கார்ந்தார். ஒரு நாள் தாமதித்தால் எங்கோ ஓர் உயிர் போகும் என்று நினைத்தார். பொழுது சாய்வதற்குள் மொழிபெயர்ப்பை முடித்தார். 40 ஆண்டுகளுக்கு மேல் பாதிரியாராக இருந்தவருக்கு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கம் சிறிய காரியமல்ல. அதை விட முக்கியமான வேலை அன்று வந்திருந்தது.

பள்ளிக்கூடம், பத்திரிகை, தோட்டம்

செராம்பூர் மிஷன் நடத்திய தாய்மொழிப் பள்ளிக்கூடங்கள் 1818-ம் ஆண்டில் நூற்றுக்கு மேல் இருந்தன. அதே ஆண்டில் சமாச்சார் தர்பண் என்ற வங்காளி வாரப்பத்திரிகை வெளிவந்தது. செராம்பூர்க் கல்லூரியும் அந்த ஆண்டே தொடங்கியது. எந்தச் சாதி, எந்த மத மாணவரும் சேரலாம் என்பது விதி. 1827-ம் ஆண்டில் டென்மார்க் மன்னர் அந்தக் கல்லூரிக்குப் பட்டம் வழங்கும் அதிகாரம் கொடுத்தார்.

நாட்டுக் காகிதத்தைப் பூச்சி அரித்தது. ஆகவே காகித ஆலை வைத்து, 1820-ம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து நீராவி இயந்திரம் வரவழைத்தார்கள். அதைப் பார்க்கக் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் வந்தார்கள்.

செடி கொடிகள் மேல் கேரிக்கு உயிர். செராம்பூரில் ஐந்து ஏக்கரில் தோட்டம் போட்டார். விவசாயிகள் நல்ல விதையும் புது முறையும் அறிய வேண்டும் என்று 1820-ம் ஆண்டில் விவசாய, தோட்டக்கலைச் சங்கத்தை ஏற்படுத்தினார். நண்பர் ராக்ஸ்பரோ எழுதிய இந்தியத் தாவர நூலை அச்சிட்டு வெளியிட்டார். ராக்ஸ்பரோ ஒரு மரத்துக்கே கேரியின் பெயரை வைத்தார். மராத்தியில் கும்பா என்று சொல்லும் அந்த மரம் சஹ்யாத்ரி மலைக்காடுகளிலும் வளர்கிறது.

கடைசிக் காலம்

முதுமை சுகமாக இல்லை. இரண்டாவது மனைவி சார்லட், டென்மார்க் நாட்டுப் பெண். நடக்க முடியாதவர், ஆனால் படித்தவர். கேரியின் வேலையில் துணையாக இருந்தார். 1821-ம் ஆண்டில் அவர் இறந்தார். 1822-ம் ஆண்டில் மகன் பீலிக்ஸ் போனார். 1823-ம் ஆண்டில் வார்டு காலராவில் மாண்டார். அந்த ஆண்டே படகிலிருந்து இறங்கும்போது கேரி விழுந்து இடுப்பில் பலத்த அடி பட்டது. படுக்கையில் இருக்கும்போது வெள்ளம் வந்து தோட்டத்தையும் வீட்டையும் கொண்டுபோயிற்று. எழுந்ததும் புதிதாக விதை வரவழைத்து விதைத்தார்.

சொந்தச் சங்கத்தாரோடும் மனஸ்தாபம் ஏற்பட்டது. இங்கிலாந்தில் புதிதாக வந்த நிர்வாகிகளுக்குச் செராம்பூரின் சொத்துக்கள் யார் பெயரில் இருக்கின்றன என்ற சந்தேகம். ஆயிரக்கணக்கில் சம்பாதித்துப் பொதுவில் போட்டவர்கள் மேல் சொந்தமாகச் சொத்துச் சேர்த்ததாகப் பேச்சு எழுந்தது. 1827-ம் ஆண்டில் இரு தரப்பும் பிரிந்தன. 1830-க்குப் பிறகு கல்கத்தாவில் பெரிய வர்த்தக பாங்குகள் அடுத்தடுத்து முறிந்ததில் மிஷன் பணமும் போயிற்று. கல்லூரி வேலையும் முடிந்து சம்பளம் குறைந்தது.

அவருடைய மொழிபெயர்ப்புகளில் குறை உண்டு. சுமார் 40 மொழிகளில் பைபிளையோ அதன் பகுதிகளையோ செராம்பூர் வெளியிட்டது. அவற்றில் பலவற்றின் நடை கரடுமுரடாக இருந்தது, ஜனங்களுக்கு விளங்கவில்லை. பின்னால் வந்தவர்கள் அவற்றைத் திருத்தவும், புதிதாக எழுதவும் வேண்டியிருந்தது. மராத்தியிலும் அப்படியே. புனேக்குப் பக்கத்தில் கேட்காவில் ஆயிரக்கணக்கான அனாதைப் பெண்களுக்கு அடைக்கலம் கொடுத்த பண்டித ரமாபாய், எளிய ஜனங்களுக்குப் புரியும் மராத்தியில் பைபிளை மொழிபெயர்த்தார். 1922-ம் ஆண்டில் அவர் மறைந்தார். அந்த மொழிபெயர்ப்பு 1924-ம் ஆண்டில் வெளிவந்தது. மராத்தி அந்நிய மொழியாக இருந்த ஒருவர் ஆரம்பித்த வேலையை, அதைத் தாய்மொழியாகக் கொண்ட ஒரு பெண்மணி தம் வழியில் செய்து முடித்தார்.

1834-ம் ஆண்டு ஜூன் 9-ந் தேதி செராம்பூரில் கேரி காலமானார். வயது 72. டென்மார்க் கவர்னர் மாளிகையில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. பிள்ளைகளுக்கு விட்டுப்போக அவரிடம் ஆஸ்தி இல்லை. தம் புத்தகங்களை விற்று ஒரு மகனுக்குப் பணம் கொடுக்கும்படி உயில் எழுதியிருந்தார். இரண்டாவது மனைவியின் பக்கத்திலேயே புதைக்க வேண்டும், கல்லறையில் புகழ்ச்சி எதுவும் கூடாது என்றும் அதில் சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள்.

செராம்பூர்க் கல்லூரி இன்றும் நடக்கிறது. புனேயில் பிப்வேவாடியில் உள்ள வேதாகமக் கல்லூரியும், மதுரை அரசரடியில் உள்ள இறையியல் கல்லூரியும் செராம்பூரோடு இணைந்தவை. டென்மார்க் மன்னர் அன்று கொடுத்த அதிகாரத்தின் பேரில்தான் அவற்றில் படிப்பவர்கள் பட்டம் பெறுகிறார்கள்.

கேரி தம்மைப் பற்றி ஒன்றே ஒன்றுதான் பெருமையாக ஒத்துக்கொண்டார். தமக்குப் பெரிய திறமை கிடையாது, எடுத்த வேலையை விடாமல் செய்யத் தெரியும், அவ்வளவுதான் என்று உறவினர் ஒருவரிடம் சொல்லியிருந்தார். தோல் தைத்த காலத்தில் ஒரு தையலுக்கு அடுத்து இன்னொரு தையல் போட்டவர், ஒரு சொல்லுக்கு அடுத்து இன்னொரு சொல்லாக அகராதியையும் முடித்தார்.